தர்மாஸ்பத்திரி: சொல்லும் பொருளும்

"டவுனுக்குப் போய் தர்மாஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறேன்" என்று பாட்டி கிளம்பும்போது மஞ்சப்பையில் ஒரு காலிப் பாட்டில் இருக்கும். எப்போதோ வாங்கிய இருமல் மருந்தின் கண்ணாடிப் பாட்டில், வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. கம்பவுண்டர் அதில் ரோஸ் நிற மிக்ஸ்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காக ஒரு காகிதத் துண்டை ஓரம் ஓரமாக வெட்டிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். பாட்டில் கொண்டு போகவில்லையென்றால் மருந்து கிடையாது. ஆனால் வாசலிலேயே ஒருவர் காலிப் பாட்டில் விற்றுக்கொண்டிருப்பார்.

இன்று முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் "தர்மாஸ்பத்திரி" என்றால் ஏதோ டிரஸ்ட் நடத்தும் மருத்துவமனை என்று நினைக்கிறார்கள். பாட்டி அப்படிச் சொன்ன அரசு மருத்துவமனை அவர்களுக்கு ஜி.எச். சொல் வழக்கொழிந்து வருகிறது, சரி. அந்தச் சொல்லுக்குள் இருந்த எண்ணம் ஒழிந்ததா என்றால், இல்லை. "மருத்துவத்தை அரசே தர வேண்டுமா, தனியாரிடம் விட்டுவிடலாமா" என்று பேச்சு எழும்போதெல்லாம் அது வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறது.

முதலில் பின்பாதியைப் பார்ப்போம். ஆஸ்பத்திரி என்பதில் "பத்திரி" இருப்பதால் வடமொழி என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஹாஸ்பிடல் என்ற ஐரோப்பியச் சொல்தான் நம் நாக்குக்கு ஏற்றபடி ஆஸ்பத்திரி ஆனது. அதன் லத்தீன் வேர் விருந்தினரையும் விருந்தோம்புபவரையும் குறிப்பது. ஹோட்டலும் ஹாஸ்டலும் அதே வேரில் பிறந்தவை. ஏசி ரூம், டீலக்ஸ் ரூம், சூட் என்று அட்டை மாட்டி, அறையின் தரத்துக்கேற்ப டாக்டர் பார்க்க வரும் கட்டணத்தையும் ஏற்றும் பெரிய தனியார் மருத்துவமனைகளைப் பார்த்தால், சொந்தக்காரனை மறக்காத பிள்ளை என்று சொல்லத் தோன்றுகிறது.

முன்பாதிதான் விஷயமுள்ளது. தர்மம் என்பது வடமொழியில் பெரிய சொல். நெறி, கடமை, நீதி எல்லாம் அதற்குள் அடக்கம். தமிழ்ப் பேச்சில் அது சுருங்கிக் கையேந்தும் தட்டுக்குள் வந்துவிட்டது. "தர்மம் போடுங்க தாயே" என்ற குரலில் வருவது அந்தப் பொருள்தான். அங்கிருந்து இன்னும் ஒரு படி இறங்கி, காசு கொடுக்காமல் கிடைப்பது எதுவானாலும் அதற்கு "தர்ம" என்று முன்னொட்டுப் போட ஆரம்பித்தோம். கோயிலில் தர்ம தரிசனம் என்றால் பெரிய வரிசை. காசு கொடுத்தால் சிறப்பு தரிசனம், சின்ன வரிசை. பஸ்ஸில் பிக்பாக்கெட் பிடிபட்டால் ஆளாளுக்கு மொத்துவது தர்ம அடி. தர்மாஸ்பத்திரியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது: காசில்லாதவனுக்கு, பெரிய வரிசையில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டிய இடம்.

பெயர் பொய்யாக வைக்கப்படவில்லை. சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய பெயர் உண்டு. 1782 வாக்கில் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் தொடக்கம். மருத்துவமனை அதையொட்டிப் பிறகு வளர்ந்தது. கஞ்சியும் மருந்தும் ஒரே வாசலில், ஒரே ஈகையில் கிடைத்தன. அப்போது அது தர்மமேதான்.

இன்னும் பின்னால் போனால் இதே கதை வேறு சொல்லில் இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஓர் ஆதுலசாலையைச் சொல்கிறது. 15 பேர் படுத்துச் சிகிச்சை பெற இடம். மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை பண்ணுவார் ஒருவர், அதாவது அறுவை செய்பவர். மருந்துப் பறித்து வருவோர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று எல்லாருக்கும் சம்பள நெல் எவ்வளவு என்ற கணக்கும் உண்டு. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளாக வில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் மேடையில் இதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அது ஊருக்கெல்லாம் திறந்த மருத்துவமனை இல்லை. அந்தக் கோயிலைச் சார்ந்த பணியாளர்கள், அங்கே படித்த மாணவர்கள் போன்றோருக்கானது. இன்றைய கணக்கில் சொன்னால் தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குத்தான் அது பாட்டன்.

ஆதுலசாலையில் உள்ள ஆதுலர் என்ற சொல்லின் போக்கு சுவையானது. வடமொழி ஆதுரர், அதாவது நோயுற்றவர், தமிழில் ஆதுலர் ஆனார். போகப் போக அச்சொல்லுக்கு வறியவர் என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. முப்பத்திரண்டு அறங்கள் என்ற பட்டியலில் ஆதுலர் சாலை ஒன்று. நோய் மருந்து அதற்குத் தனியாக வேறொன்று. நோயாளி என்று தொடங்கிய சொல் ஏழை என்று முடிந்தது. இலவச மருத்துவத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது ஏழை வீட்டுத் திண்ணைக்குத்தான் போய்ச் சேருகிறது போலும்.

அப்புறம் காலம் மாறியது. 1946இல், இந்தியாவின் மருத்துவ வசதிகளை ஆராய்ந்த ஜோசப் போர் என்பவரின் குழு, பணம் கொடுக்க முடியாத காரணத்தால் யாருக்கும் போதிய மருத்துவம் கிடைக்காமல் போகக் கூடாது என்று எழுதி வைத்தது. இரண்டு வருடத்தில், 1948 ஜூலை 5 அன்று, பிரிட்டனில் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. பிரபுவானாலும் சுமை தூக்குபவரானாலும் ஒரே வரிசை, செலவு வரிப்பணத்தில். இந்த முறையில் கொடுப்பவர் என்று தனியாக ஒருவர் இல்லை. தீப்பெட்டி வாங்கும் கிழவியும் வரி கட்டுகிறாள். அவள் கட்டிய பணத்தில் அவளுக்கே மாத்திரை கொடுத்துவிட்டு அதைத் தர்மம் என்றால், சீட்டுக் கட்டியவளுக்குச் சீட்டுப் பணம் கொடுப்பதையும் தர்மம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லாராய்ச்சிக்காரனின் வீம்பு என்று தள்ளிவிடலாம். ஆனால் "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறதே! தர்மமாகக் கொடுத்தால் ஸ்கேன் மெஷின் ரிப்பேர் என்றாலும் பேசாமல் போக வேண்டும். வீல்சேர் தள்ளுபவர் ஐம்பது ரூபாய் கேட்டாலும் தலையெழுத்து என்று கொடுக்க வேண்டும். நம் பணம் என்றால் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். அரசு மருத்துவமனையைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் அங்கே காலெடுத்து வைத்ததில்லை. வைக்கிறவர்கள் வாய் திறப்பதில்லை. இரண்டுக்கும் அந்த "தர்ம" ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

விவாதத்தில் குழம்பும் இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அரசு பணம் போடுவது வேறு, அரசே நடத்துவது வேறு. பிரிட்டனில் இரண்டும் பெரும்பாலும் ஒன்று. கனடாவில் செலவு அரசுடையது. டாக்டர்கள் பெரும்பாலும் தனியாகத் தொழில் செய்பவர்கள். தமிழ்நாட்டில் இரண்டும் கலந்த சாம்பார். ஒரு பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை அரசே நடத்துகிறது. 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. இன்னொரு பக்கம் 2009இல் வந்த காப்பீட்டுத் திட்டமும் அதன் வழிவந்தவையும் அரசுப் பணத்தைத் தனியார் மருத்துவமனைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. காப்பு, ஈடு என்று இரண்டு நல்ல சொற்கள் சேர்ந்தது காப்பீடு. ஆனால் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் காக்கிறது. என் மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது கார்டு கை கொடுத்தது, உண்மை. அதற்குப் பிறகு மாதாமாதம் மருந்துக்கடையில் அவர் எண்ணிக் கொடுக்கும் நோட்டுக்கு எந்தக் கார்டும் இல்லை. இப்போது அவர் மாத்திரைக்கு ஜி.எச்.சுக்குத்தான் போகிறார்.

தனியார் பக்கமும் ஒற்றை முகம் இல்லை. மதுரையில் 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், காசு கொடுப்பவர்களின் வருமானத்தில் காசில்லாதவர்களுக்கும் அறுவை நடக்கிறது. கறாராகச் சொன்னால் தர்மாஸ்பத்திரி என்ற பெயர் இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பொருந்தும், ஜி.எச்.சுக்கு இல்லை. மறுகோடியில் பில்லைப் பார். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 100க்கு சுமார் 64 சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. லாபம்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். அதே கணக்கெடுப்பில் அரசு மருத்துவமனைகளிலும் அது 36. லாபம் இல்லாத இடத்திலும் கத்தி கொஞ்சம் தாராளமாகவே எடுக்கப்படுகிறது. நேரமும் ஆளும் பற்றாத இடத்தில் கத்தி சீக்கிரம் முடித்துக் கொடுக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சின்ன ஊர்களில் இந்த விவாதமே வேறு மாதிரி. காலையில் ஓ.பி. சீட்டோடு நின்று, மேசையில் நாலு பேர் குனிந்து நிற்கும் கூட்டத்தில் ஒரு நிமிடம் பார்த்த அதே டாக்டரை, சாயங்காலம் கடைத்தெரு கிளினிக்கில் பத்து நிமிடம் பார்க்கலாம். ஆள் ஒருவர், கை ஒன்று, ஸ்டெதஸ்கோப்பும் ஒன்றாகவே இருக்கலாம். காலையில் தர்மம், மாலையில் ஃபீஸ். எங்கள் ஊரில் இதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. "சாயங்காலம் வந்தா நல்லா பாப்பாரு" என்று ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்வார்கள்.

சரி, தர்மாஸ்பத்திரிக்கு நல்ல தமிழ் என்ன? ஆஸ்பத்திரிக்கு மருத்துவமனை நிலைத்துவிட்டது. ஈழத்தில் வைத்தியசாலை, யாழ்ப்பாணத்தில் பலகையில் போதனா வைத்தியசாலை, பேச்சில் பெரியாஸ்பத்திரி. தர்மத்துக்கு அறம் என்று மாற்றி அறமருத்துவமனை எனலாம்தான். சொல் அழகு, பழைய நோய் அப்படியே. இலவச மருத்துவம் என்றால் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாது. 2011க்குப் பிறகு அரசு இலவசத்தை விட்டுவிட்டு "விலையில்லா" என்று எழுதத் தொடங்கியது. விலையில்லா என்பதற்கு விலைமதிப்பற்ற என்றும் பொருள் வருவதால் கொஞ்சம் கௌரவம் கூடியதே தவிர, கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற படிக்கட்டு அப்படியே நின்றது.

பொது என்ற சொல்தான் எனக்குப் பிடித்தது. பழந்தமிழில் ஊர் கூடும் இடம் பொதியில். ஒருவருக்கென்று இல்லாமல் எல்லாருக்குமானது பொது. ஆனால் பொது மருத்துவம் என்று எழுதினால் காய்ச்சல், சளி பார்க்கும் அறை என்று ஆகிவிடும், எல்லா ஓ.பி.யிலும் அந்தப் பலகை தொங்குகிறது. பொதுச் சுகாதாரம் என்றாலோ சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் தூவுவதுதான் ஞாபகம் வருகிறது. ஆகவே நிறுவனத்தைச் சொல்லும்போது அரசு மருத்துவமனை, பணம் வரும் வழியைச் சொல்லும்போது வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவம், கொள்கையைச் சொல்லும்போது எல்லார்க்குமான மருத்துவம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கப் பார்த்ததால்தான் விவாதத்தில் ஒருவர் ஓ.பி. கூட்டத்தைப் பற்றிப் பேச, இன்னொருவர் காப்பீட்டைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தர்மாஸ்பத்திரியைப் பாட்டி காலத்துக் கதை எழுதும்போது மட்டும் பயன்படுத்தலாம்.

பேச்சில் இது எதுவும் செல்லாது என்பதும் தெரியும். மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "அரசு இராசாசி மருத்துவமனை" என்றால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். "பெரியாஸ்பத்திரி" என்றால் வண்டி கிளம்பிவிடும். அந்தப் பெயரில் தர்மமும் இல்லை, இலவசமும் இல்லை, யார் பணம் என்ற கேள்வியும் இல்லை. பெரிசு, அவ்வளவுதான்.