தானட்டோகெமிஸ்ட்ரி: தமிழில் இறப்புப்பின் வேதியியல்

கிரேக்கத்தில் 'தானடோஸ்' என்றால் சாவு. அதோடு கெமிஸ்ட்ரி சேர்ந்ததே தானட்டோகெமிஸ்ட்ரி. உயிர் பிரிந்தபின் இரத்தம், மூளைத் தண்டுவட நீர், கண்ணின் உட்கூழ் போன்றவற்றில் நிகழும் வேதி மாற்றங்களை ஆராயும் தடயவியல் பிரிவு இது.

தமிழில் இதை 'மரண வேதியியல்' என்று எழுதினால், ஆளைக் கொல்லும் வேதிப்பொருளைப் பற்றியது போலத் தோன்றும், அது நச்சியல். 'இறப்புப்பின் வேதியியல்' என்பதே சரி. 'இற' என்பதற்குக் 'கடந்து போ' என்பது பழைய பொருள். 'இறந்தகாலம்' என்ற சொல்லில் அது இன்றும் இருக்கிறது. உயிர் பிரிந்து எத்தனை மணி நேரம் கடந்தது என்பதுதானே இங்கே பெரிய கேள்வி!

ஆக்சிஜன் நின்றதும் செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. தீர்ந்துபோகிறது, சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே வைத்திருந்த பம்ப் ஓய்கிறது. பொட்டாசியம் வெளியே கசிகிறது. இரத்தத்தில் இது மிக விரைவாக ஏறுவதால் நேரம் கணிக்க உதவாது. விட்ரியஸ் எனப்படும் கண்ணின் உட்கூழோ விழிக்கோளத்துக்குள் தனி அறையில் இருக்கிறது, கிருமிகளும் தாமதமாகவே எட்டும். அங்கே பொட்டாசியம் நிதானமாக உயர்கிறது.

மாதிரி எடுப்பதில்தான் பிழைகள் அதிகம். கண்ணின் வெளிக்கடை ஓரமாக ஊசியைச் செலுத்தி, ஒரு கண்ணுக்கு 2 முதல் 3 மி.லி. வரை மெதுவாக உறிஞ்ச வேண்டும். வேகமாக இழுத்தால் விழித்திரைச் செல்கள் பிய்ந்து வந்து பொட்டாசியத்தைப் பொய்யாக உயர்த்திவிடும். சர்க்கரைக்கும் ஆல்கஹாலுக்கும் சோடியம் ஃபுளூரைடு குழாய் நல்லது. அதே குழாயில் சோடியத்தை அளந்தால் குழாயின் உப்பையும் சேர்த்து அளந்ததாகிவிடும். குழாயில் பொட்டாசியம் ஆக்சலேட் இருந்தால் பொட்டாசியமும் கெட்டது.

விட்ரியஸில் பொட்டாசியத்தின் அளவு லிட்டருக்கு 10 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவிலிருந்து இறந்து எத்தனை மணி நேரம் ஆனது என்று கணிக்கும் ஸ்டர்னர் சூத்திரப்படி 7.14 × 10 − 39.1, அதாவது சுமார் 32 மணி நேரம். மாடேயா சூத்திரப்படி 5.26 × 10 − 30.9, சுமார் 22 மணி நேரம். ஒரே அளவுக்குப் பத்து மணி நேர வித்தியாசம்! வெப்பம் கசிவை விரைவாக்கும், குளிர் தாமதப்படுத்தும். ஆகவே அறிக்கையில் ஒற்றை எண் எழுதக்கூடாது. நேர இடைவெளியாகத்தான் தர வேண்டும்.

குளுக்கோஸ் இறப்புக்குப்பின் தானாகவே குறையும். எனவே விட்ரியஸில் அது குறைந்திருப்பதை வைத்துத் தாழ்சர்க்கரையால் இறந்தார் என்று சொல்ல முடியாது. டெசிலிட்டருக்கு 200 மி.கி.க்கு மேல் இருந்தாலோ, உயிரோடிருந்தபோதே சர்க்கரை மிக உயர்ந்திருந்தது என்று துணிந்து எழுதலாம்.