முந்திரிக் கொட்டகைக்கும் உண்டு புகார் குழு

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். ஐந்தாறு பேர் மட்டும் உட்கார்ந்து உடைக்கும் கொட்டகைகளும் உண்டு. அங்கே முதலாளியே கையைப் பிடித்து இழுத்தால், ஆபாசமாகப் பேசினால், யாரிடம் போய்ச் சொல்வது? கடலூர் மாவட்ட உள்ளூர்ப் புகார் குழுவிடம் சொல்லலாம். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை அந்தப் பெண்களிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இதற்கு வித்திட்டது உச்ச நீதிமன்றம். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பெண் பணியாளர் ஒருவர் 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்ததுதான் விசாகா வழக்கு. வேலையிடத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க அப்போது தனிச் சட்டம் இல்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை தான் வகுத்த நெறிமுறைகளே சட்டமாகக் கட்டுப்படுத்தும் என்று 1997 ஆகஸ்ட் 13-இல் தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் வந்தது 2013-இல். சட்டம் இயற்றுவது நீதிமன்றத்தின் வேலையா என்று கேட்பவர்கள், இடைப்பட்ட 16 ஆண்டுகள் உழைக்கும் பெண்களுக்கு வேறு என்ன பிடிமானம் இருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும்.

இப்போதைய சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் நிர்வாகமே உள்ளகப் புகார் குழு அமைக்க வேண்டும். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவு என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும் உள்ளூர்க் குழு விசாரிக்கும். வீட்டுவேலை செய்யும் பெண்களும் அங்கே போகலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் அவகாசம் தரலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

‘சாட்சி இல்லாவிட்டால் பொய்ப்புகார் என்று நம்மையே தண்டிப்பார்களோ’ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே பொய்ப்புகார் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடவும் கூடாது. விசாரணை நடக்கும்போது அவர் கேட்டுக்கொண்டால், மூன்று மாதம் வரை விடுப்பு தரும்படி குழு பரிந்துரைக்கலாம். வழக்கமான விடுப்புக் கணக்கில் அது சேராது.