கப்பல் சுருங்கும், பிளாஸ்டிக் சுருங்காது

ஜப்பானின் குரே நகரில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய யமாத்தோ போர்க்கப்பலின் மாதிரி ஒன்று இருக்கிறது. அசல் கப்பலில் பத்தில் ஒரு பங்கு, நீளம் 26.3 மீட்டர். அதே கப்பலை அட்டைப்பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கிட்டாக வாங்கி வீட்டு மேசையில் கட்டலாம். 1/350 அளவுள்ள கிட் என்றால், முடித்ததும் 75 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரண்டும் அளவு மாதிரிகள்தான். ஆனால் பத்தில் ஒன்றாக்குவதும் முந்நூற்றைம்பதில் ஒன்றாக்குவதும் ஒரே வேலை அல்ல. குறைக்க முடிவது கப்பலின் வடிவத்தை மட்டும்தான். பிளாஸ்டிக்கின் மூலக்கூறையும், பெயின்ட் படலத்தின் தடிமனையும், அறையின் வெளிச்சத்தையும் யாராலும் குறைக்க முடியாது. மாடல் கட்டும் கலையின் நுட்பங்களில் பெரும்பாலானவை இந்த முரணைச் சமாளிக்கப் பிறந்தவை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். யமாத்தோவின் முதன்மைப் பீரங்கிகளின் குழல் விட்டம் 46 சென்டிமீட்டர். 1/350இல் அது 1.3 மில்லிமீட்டர். சரி, இதைச் செய்துவிடலாம். தளத்தின் ஓரத்தில் ஓடும் கைப்பிடிக் கம்பி? ஓரங்குலக் குழாய் என்று வைத்துக்கொண்டாலும் 0.07 மில்லிமீட்டர்தான் வரும். அது ஒரு தலைமுடியின் பருமன். எடை இன்னும் வேகமாகக் குறையும். நீளம் 350 மடங்கு குறைந்தால் கன அளவு ஏறக்குறைய 4.3 கோடி மடங்கு குறைகிறது. முழுச் சுமையோடு சுமார் 72,800 டன் இருந்த கப்பலுக்கு இந்த அளவில் 1.7 கிலோ எடைதான் வரவேண்டும். வேகத்துக்கோ வேறு கணக்கு. 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்து ஆராய்ந்தவர் வில்லியம் ஃப்ரூட். மாதிரி எழுப்பும் அலை அசலின் அலையை ஒத்திருக்க வேண்டுமானால், வேகத்தை அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் குறைக்க வேண்டும் என்று அவர் காட்டினார். மணிக்கு 50 கிலோமீட்டர் போன யமாத்தோவின் 1/350 மாதிரி, மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே முகப்பலை சரியான வடிவில் எழும். ஒரே பொருளில் நீளம், எடை, வேகம் மூன்றும் மூன்று விதமாகக் குறைகின்றன.

இனி கிட்டுக்கு வருவோம். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறச் சட்டங்களில் நூற்றுக்கணக்கான உதிரிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சட்டத்தை ஸ்ப்ரூ என்பார்கள். அது அழகுக்கோ பத்திரத்துக்கோ வைத்தது அல்ல. உருகிய பிளாஸ்டிக் ஓடிய வாய்க்கால் அது. பாலிஸ்டைரீன் மணிகளை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். வாய்க்காலில் ஓடி, குறுகலான வாய் வழியாக ஒவ்வொரு உதிரியின் பள்ளத்திலும் நிரம்பி, சில நொடிகளில் இறுகிவிடும். அச்சு திறந்ததும் ஊசிகள் பின்னாலிருந்து தள்ள, சட்டம் முழுசாக வெளியே விழும். உதிரியின் உள்பக்கம் சின்ன வட்டத் தழும்புகள் தெரிகிறதே, அவை அந்த ஊசிகள் பதித்தவை.

அச்சு இரண்டாகப் பிரிவதால் ஒரு கட்டாயம் வருகிறது. அது ஒரே திசையில்தான் விலகும். அந்தத் திசைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். கப்பலைப் போல லாரியும் கிட்டாக வரும். அந்த லாரியின் கேபினை முழுப் பெட்டியாக வார்த்தால் நான்கு பக்கச் சுவரிலும் ஒரே சமயத்தில் கதவுப் பிடியும் கீலும் பதிக்க முடியாது. ஒன்று, சுவர்களைத் தனித்தனியாக வார்த்து நம்மிடம் ஒட்டக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் நகரும் கூடுதல் அச்சுத் துண்டுகளைச் செய்ய வேண்டும். பின்னது செலவு பிடிக்கும். கிட்டில் ஏன் இத்தனை உதிரிகள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். தடித்த இடங்களின் மேற்பரப்பில் தெரியும் லேசான குழிவுக்கும் காரணம் உண்டு. தடித்த பகுதி கடைசியாகக் குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிய மேல்தோலை உள்ளே இழுத்துவிடுகிறது. புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்துத்தான் அதைச் சமன்செய்ய வேண்டும்.

பாலிஸ்டைரீன் ஆரம்பத்திலிருந்தே இந்த இடத்தில் இருந்ததில்லை. 1936இல் பிரிட்டனில் ஃப்ராக் நிறுவனம் பென்குயின் என்ற பெயரில் விமானக் கிட்டுகளை வெளியிட்டபோது பயன்படுத்தியது செல்லுலோஸ் அசிட்டேட்டை. அது நாளடைவில் நெளிந்து கோணும். போருக்குப் பிறகு பாலிஸ்டைரீன் வந்தது. ஏர்ஃபிக்ஸ் 1952இல் கோல்டன் ஹைண்ட் பாய்மரக் கப்பலைக் கொண்டுவந்தது. மறு வருடம் அமெரிக்காவில் ரெவெல் நிறுவனம் மிசூரி போர்க்கப்பலைக் கொண்டுவந்தது. மரவேலைக்குப் பேர்போன ஜப்பானிய ஊரான ஷிசுவோக்காவில் மர மாடல் செய்துவந்த தாமியா, 1960இல் தன் முதல் பிளாஸ்டிக் கிட்டை வெளியிட்டது. அதுவும் யமாத்தோதான், 1/800 அளவில். 1971இல் அந்த ஊர் நிறுவனங்கள் சேர்ந்து 1/700 அளவில் போர்க்கப்பல் வரிசையைத் தொடங்கின. யமாத்தோவின் வரைபடங்களில் பெரும்பாலானவை போர் முடிந்தபோது அழிக்கப்பட்டுவிட்டன. 1985இல் கடலடியில் சிதைவைக் கண்டுபிடித்தார்கள், 1999இல் மறுபடி இறங்கி ஆராய்ந்தார்கள். பழைய கிட்டுக்கும் புதிய கிட்டுக்கும் இடையே வடிவம் மாறுவதில் இதற்கும் பங்கு உண்டு. மாடல் கட்டுபவர்கள் சரித்திர ஆவணங்களை இவ்வளவு அக்கறையாகப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இப்போது தடிமன் பிரச்சினை. பிளாஸ்டிக் அச்சின் மூலை வரை ஓடி நிரம்ப வேண்டுமானால் சுவர் ஒரு மில்லிமீட்டராவது இருந்தால் நல்லது. 1/24 லாரியில் அந்த ஒரு மில்லிமீட்டர் அசலில் 24 மில்லிமீட்டருக்குச் சமம். நிஜ லாரியின் கேபின் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அப்படியானால் மாடல் ஏன் லாரியாகவே தெரிகிறது? நம் கண் சுவரின் தடிமனைப் பார்ப்பதில்லை, விளிம்பைத்தான் பார்க்கிறது. மட்கார்டு விளிம்பு, ஜன்னல் ஓரம், பம்பரின் அடிப்பக்கம் ஆகியவற்றை மட்டும் உள்பக்கமாகக் கத்தியால் சீவிச் சரித்துவிட்டால் மொத்தத் தகடும் மெல்லிசாகத் தோன்றும். இதில் யமாத்தோவுக்கு ஒரு விசித்திரமான பொருத்தம் உண்டு. அதன் பக்கவாட்டுக் கவசம் 410 மில்லிமீட்டர் தடிமன். 1/350இல் அது 1.2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிளாஸ்டிக் சுவரின் தடிமன் அசலோடு ஒத்துப்போகும் அபூர்வமான இடம் அது.

கைப்பிடிக் கம்பியை மட்டும் பிளாஸ்டிக்கில் வார்க்கவே முடியாது. அவ்வளவு குறுகலான பள்ளத்தில் பிளாஸ்டிக் போய்ச் சேருமுன் உறைந்துவிடும். அங்கேதான் அரித்தெடுத்த பித்தளைத் தகடு வருகிறது. 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் தகட்டின் இரண்டு பக்கமும் ஒளியுணரும் பூச்சைப் பூசி, கம்பிகளின் வரைபடத்தை மேலே வைத்துப் புறஊதா ஒளியைக் காட்டுவார்கள். வேண்டிய இடத்தில் மட்டும் பூச்சு நிற்கும், மற்ற இடத்தில் கழுவிப் போகும். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலில் இட்டால், பூச்சில்லாத பித்தளையை அது அரித்துவிடும். மடிக்க வேண்டிய கோடுகளில் ஒரு பக்கம் மட்டும் பூச்சை நீக்கியிருப்பார்கள். அங்கே பாதி ஆழம்தான் அரிக்கும். அதனால் சரியாக அந்தக் கோட்டிலேயே மடிகிறது. கம்ப்யூட்டர் சர்க்யூட் பலகை செய்யும் அதே முறைதான்.

அப்புறம் ஒட்டுவது. பாலிஸ்டைரீனுக்கான திரவப் பசை உண்மையில் பசையே அல்ல. பியூட்டைல் அசிட்டேட், அசிட்டோன் மாதிரியான கரைப்பான்கள்தான் அதில் இருக்கின்றன. இரண்டு உதிரிகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கின் ஓரத்தில் தூரிகையால் தொட்டால் போதும். திரவம் தானாகவே இடுக்கு முழுக்க ஓடி நிரம்பும். இது நுண்புழை ஈர்ப்பு. உள்ளே போன கரைப்பான் இரு பரப்பையும் இளக்குகிறது. பாலிஸ்டைரீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இடியாப்பச் சிக்கலாகப் பின்னிக் கிடப்பவை. இளகியதும் இந்தப் பக்கத்துச் சங்கிலி அந்தப் பக்கம் நுழைகிறது, அந்தப் பக்கத்தது இந்தப் பக்கம். கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டு. லேசாக அழுத்தினால் இடுக்கில் மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பு பிதுங்கும். காய்ந்த பிறகு அதைத் தேய்த்து எடுத்தால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. அவசரப்படக் கூடாது. உள்ளே தங்கிய கரைப்பான் முழுக்க வெளியேறப் பல நாள் பிடிக்கும். முன்கூட்டியே தேய்த்துப் பெயின்ட் அடித்தால், பிறகு அந்தக் கோடு மெதுவாக உள்வாங்கி மீண்டும் தலைகாட்டும்.

பித்தளையிடம் இந்த வித்தை பலிக்காது. கரைப்பான் உலோகத்தை ஒன்றும் செய்யாது. பெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசைதான் வேண்டும். காற்றிலும் பரப்பிலும் இருக்கும் ஈரம் பட்டதும் அது இறுகும். லாரியின் முன் கண்ணாடிப் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். ஆவியாகும் பசை கண்ணாடியின் மேல் படிந்து வெள்ளைப் புகையாக இறுகிவிடும். போலீஸார் கைரேகையை வெளிக்கொணர இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடிக்கு வெள்ளை ஃபெவிகாலே போதும்.

பாய்மரக் கயிறுக்கும் ரேடியோ கம்பிக்கும் நூலை வாங்க வேண்டியதில்லை, மிச்சமான ஸ்ப்ரூவே இருக்கிறது. ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, தீப்படாமல், சுழற்றிக்கொண்டே காட்டினால் நடுவில் பளபளத்துத் தொய்யும். வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, இரு கையாலும் நீட்டினால் முடியை விட மெல்லிய இழை வரும். வேகமாக இழுத்தால் மெல்லிசு, நிதானமாக இழுத்தால் தடிமன். அந்த இழையை இரண்டு கொடிமரங்களுக்கு நடுவே ஒட்டியபின் கொஞ்சம் தொய்வாக இருந்தால், கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தி நுனியைப் பக்கத்தில் கொண்டுபோங்கள், தொடக் கூடாது. இழை கண்முன்னே விறைத்து நேராகும். இழுத்தபோது சங்கிலிகள் ஒரே திசையில் நீண்டு, அப்படியே உறைந்துவிட்டன. சூடு பட்டதும் அவை பழைய சிக்கலுக்குத் திரும்பப் பார்க்கின்றன. அதனால் இழை சுருங்குகிறது.

பெயின்ட்டிலும் இதே தடிமன் கணக்குதான். பெயின்ட்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷில் அடித்த படலம் 25 மைக்ரான் (0.025 மில்லிமீட்டர்) என்றால் 1/350இல் அது அசலின் ஒன்பது மில்லிமீட்டர் பூச்சுக்குச் சமம். பிரஷ்ஷால் கனமாக அடித்தால் கோடுகளும் ஆணிகளும் மூழ்கிப்போகும். உலோகப் பளபளப்பு உள்ள கார் பெயின்ட்டை மாடல் லாரிக்கு அடித்தால் பொடி பொடியாகத் தெரிவதும் இதனால்தான். அதிலுள்ள அலுமினியத் துகள் சுருங்கவில்லையே. சென்னை மாதிரி கடலோர ஊரில் மழைக்காலத்தில் லாக்கர் பெயின்ட் அடிக்கும்போது இன்னொரு தொல்லை. கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பெயின்ட் பால்போல் வெளுத்துவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னர் இதற்கு உதவும்.

நிறத்தை எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பது பற்றி ஓயாத விவாதம் உண்டு. தூரத்துக் கப்பலை நடுவில் உள்ள காற்று வெளுப்பாக்கிக் காட்டும், அதனால் மாடலின் நிறத்தில் வெள்ளை கலக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். 1/350 மாடலை அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, அசல் கப்பலை 175 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். தெளிவான நாளில் 175 மீட்டர் காற்று அப்படி ஒன்றும் நிறத்தைக் கெடுக்காது. என் எண்ணம் வேறு. நேர் வெயிலின் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ். நம் வீட்டு அறையில் சில நூறுதான். வெயிலில் பார்த்து மனதில் பதிந்த சாம்பல் நிறம், டியூப்லைட்டின் கீழ் மங்கலாகத் தெரிகிறது. வெளுக்கத்தான் வேண்டும், ஆனால் காற்றை விட வெளிச்சத்துக்காக.

லாரியின் மின்னும் பாகங்களுக்கு வருவோம். கிரில், பம்பர், டீசல் டேங்க், புகைபோக்கி எல்லாம் கிட்டிலேயே குரோம் பூசி வரும். அது குரோமியம் அல்ல. வெற்றிடத்தில் ஆவியாக்கிய அலுமினியம், ஒரு மைக்ரானுக்கும் மிகக் குறைந்த தடிமனில் படிந்திருக்கிறது. கரைப்பான் பசை அதை ஊடுருவாது. அதனால் ஒட்டும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும்.

கடைசியாக, பல வருடம் கழித்துப் பல்லிளிக்கும் ஒரு விஷயம்: டயர். கிட் லாரிகளின் மென்மையான டயர்கள் பெரும்பாலும் பிவிசி. பிவிசி இயல்பில் கடினமானது. அதை ரப்பர்போல் வளைய வைக்க எண்ணெய் மாதிரியான மென்மையாக்கிகளைக் கலக்கிறார்கள். அவை பிவிசியோடு வேதிப்பிணைப்பில் இல்லை, நடுவில் தங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். டயர் பாலிஸ்டைரீன் சக்கரத்தைத் தொட்டபடி வருடக்கணக்கில் நிற்கும்போது மென்மையாக்கி மெல்லக் கசிந்து சக்கரத்துக்குள் புகுந்து, கரைப்பான் செய்த வேலையையே நிதானமாகச் செய்கிறது. சக்கரம் இளகி உருக்குலையும். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் டயர் ஸ்ப்ரூவைத் தொட்டுக்கொண்டிருந்தால் இதே கதிதான். முன்னால் சொன்ன குரோம் பூச்சும் பெயின்ட்டும் இதை நிச்சயமாகத் தடுக்கும் என்று நம்ப முடியாது. கிட் வாங்கியதும் டயர்களை எடுத்துத் தனிப் பையில் போடுங்கள். மாட்டும்போது, ரிம்மைச் சுற்றி அலுமினியத் தாள் நாடா ஒன்றை ஒட்டி, அதன்மேல் டயரை ஏற்றுங்கள். மென்மையாக்கியால் உலோகத்தைக் கடக்க முடியாது. டயர் மூடிவிடுவதால் நாடா வெளியே தெரியாது.