தேதி பின்னால் போனால் அது வைரஸ் இல்லை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு ஜெராக்ஸ் கடை. போன மழைக்காலத்தில் கடைக்கார அக்கா, "வைரஸ் வந்துடுச்சு தம்பி, எந்த வெப்சைட்டும் திறக்கமாட்டேங்குது, பாதுகாப்பு இல்லைன்னு எச்சரிக்கை வருது" என்றார். காசு கொடுத்து ஃபார்மட் செய்தும் பார்த்தாயிற்று. மறுநாள் காலையிலேயே திரும்பவும் அதே எச்சரிக்கை.

திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். 2015 ஜனவரி.

கம்ப்யூட்டரின் உள்ளே எல்லா பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும்: சிஆர்2032, 3 வோல்ட். மெயினை அணைத்த பிறகு கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனால் தேதி பழைய நாளுக்குப் போய்விடும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் காட்டும். எந்த நாள் முதல் எந்த நாள் வரை அது செல்லும் என்பதும் அதிலேயே இருக்கும். பிரவுசர் அதை நம் கம்ப்யூட்டரின் தேதியோடு ஒப்பிடுகிறது. 2015இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. அதனால்தான் மறுக்கிறது.

அக்கா இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போவார். அணைக்காத கடைகளில் பிளக் வழியே வரும் சிறு மின்சாரமே கடிகாரத்தை ஓட்டிவிடும். பேட்டரி செத்தது தெரியவே தெரியாது. ஃபார்மட் டிஸ்க்கைத்தான் அழிக்கும், பேட்டரிக்கு உயிர் கொடுக்காது. ஒரு சின்ன பேட்டரி மாற்றியதும் சரியாகிவிட்டது.

வைரஸ் என்பது ஒரு புரோகிராம். பெரும்பாலும் விண்டோஸ் ஓடினால்தான் அதுவும் ஓடும். (1998இல் வந்த சிஐஎச் என்ற வைரஸ், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு புரோகிராமான பயாஸையே அழித்தது, அப்படிப்பட்டவை அபூர்வம்.) ஆகவே கம்ப்யூட்டர் தொங்குவது வைரஸாலா என்று அறிய, விண்டோஸை விலக்கிப் பாருங்கள். விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸைப் பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அதிலும் தொங்கினால், தானாக அணைந்தால், ஹார்டுவேரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒழுங்காக ஓடினால் விண்டோஸ், வைரஸ், இல்லையென்றால் டிஸ்க்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வருகின்றன. ரேம் என்ற நினைவகப் பட்டையின் பொன்னிறப் பற்களிலும் அதை மாட்டும் ஸ்லாட்டிலும் மெல்ல அரிப்பு ஏறும். இணைப்பு விட்டுவிட்டு வரும். விண்டோஸ் நின்றுபோகும்போது வரும் நீலத்திரை ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழையைச் சொன்னால் ரேமைக் கவனியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றித் துடைத்து மாட்டினாலே பல நேரம் போதும்.

சூடானால் மட்டும் வேகம் குறைகிறதா? எந்த புரோகிராம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். எதையும் திறக்காதபோதே புராசஸர் 90 சதவீதம் உழைத்தால், எந்த புரோகிராம் என்று பாருங்கள். அங்கே வைரஸ் இருக்கலாம். உழைப்பு குறைவாக இருந்தும் கொதித்தால் பெரும்பாலும் ஃபேனில் தூசி.

ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று தட்டினால் மட்டும் வைரஸ் ஸ்கேன் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஸ்கேன் ஒவ்வொரு ஃபைலாகப் படிக்கும். சாகப்போகிற டிஸ்க்குக்கு அந்த உழைப்பே கடைசியாகிவிடலாம். உடனே அணைத்துவிடுங்கள். படங்களும் கணக்குகளும் முக்கியம் என்றால், டேட்டா மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள்.