‘கிஃப்டட்’: பரிசா, வரமா, மீத்திறனா?

அமெரிக்காவில் பள்ளி ஆண்டு மே கடைசியிலோ ஜூன் நடுவிலோ முடியும். அந்த வாக்கில் பள்ளி மாவட்டத்தின் ‘கிஃப்டட் புரோகிராம்’ (திறமை மிகுந்த பிள்ளைகளுக்கான தனித் திட்டம்) பிரிவிலிருந்து பெற்றோருக்கு ஓர் ஆண்டிறுதி மடல் வரும். ‘ஒடிசி ஆஃப் தி மைண்ட்’ என்ற படைப்பாற்றல் போட்டியின் உலக இறுதிச் சுற்றுக்கு எந்தப் பள்ளி அணி போனது, ஜூனில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் தேசிய வரலாற்று நாள் போட்டிக்கு யார் தேர்வானார்கள், கோடை வகுப்புக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது, அடுத்த ஆண்டுக்குப் புதிதாக எத்தனை பிள்ளைகள் ‘ஐடென்டிஃபை’ ஆனார்கள், அதாவது திட்டத்துக்குத் தேர்வானார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். (பள்ளி மாவட்டம் என்பதை நம்மூர் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு நகரத்தின் அல்லது ‘கவுண்ட்டி’ எனும் வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம் அது.)

அங்குள்ள தமிழ் வீடுகளில் இந்தச் செய்தி அன்றைக்கே ஊருக்குப் போய்விடும். “பாப்பா கிஃப்டட்ல வந்துட்டா!” மறுமுனையில் பாட்டி கேட்பார்: “என்ன கிஃப்ட்டு குடுத்தாங்க?”

பாட்டியைச் சொல்லிக் குற்றமில்லை. மடலை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டாலும் ‘பரிசளிக்கப்பட்ட மாணவர்கள்’ என்று வந்து விழுவதுண்டு. மாணவர்களையே யாருக்கோ பரிசாகக் கொடுத்துவிட்டதுபோல இருக்கும் அந்தத் தொடர். சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று பார்ப்போம்.

‘கிஃப்ட்’ என்பது ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல். கொடு என்னும் பொருளுள்ள ‘கிவ்’ என்ற வினையோடு பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச் சொல் மணமகளுக்காகக் கொடுக்கும் பரிசப் பணத்தைக் குறித்தது. இன்று நாம் அறிந்த பொருளும் வடிவமும் ஸ்காண்டிநேவிய மொழியின் தாக்கத்தால் நிலைபெற்றவை. அதே சொல் ஜெர்மன் மொழியில் நஞ்சைக் குறிக்கும். மருந்தை அளவாகக் ‘கொடுப்பது’ என்ற வழக்கு ஒரு மங்கலச் சொல்லாகப் புழங்கி, கடைசியில் கொடுக்கப்பட்ட நஞ்சையே குறிக்கத் தொடங்கிவிட்டது. நம்மூரில் “மருந்தைக் குடிச்சுட்டான்” என்றால் பதறுகிறோமே, ஏறக்குறைய அதே கதைதான். ஸ்வீடன்காரருக்கு ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு, திருமணமானவர் என்று இரண்டு பொருள்! இதில் நான் கருத்து ஏதும் சொல்வதாக இல்லை.

‘கிஃப்டட்’ என்ற பெயரடை 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. அப்போது அதில் கடவுள் இருந்தார். திறமை இறைவன் கொடுத்த கொடை, அதைப் பெற்றவர் ‘கிஃப்டட்’. இதன் கூடவே வரும் ‘டேலன்ட்’ என்ற சொல்லும் விவிலிய வழியில் வந்ததுதான். கிரேக்கத்தில் தராசையும், எடையையும், அந்த எடையுள்ள பணத்தையும் குறித்த சொல் அது. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் எஜமான் ஊழியர்களிடம் ஐந்தும் இரண்டும் ஒன்றுமாகப் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் பயணம் போகிறார். தமிழ் விவிலியம் இதைத் ‘தாலந்து’ என்றே வைத்துக்கொண்டது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் “அந்தப் பிள்ளைக்குப் பாடுகிற தாலந்து இருக்கிறது” என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்த வசனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், எஜமான் “அவனவனுடைய திறமைக்குத் தக்கதாக” தாலந்துகளைக் கொடுக்கிறார் என்று இருக்கிறது. அதாவது கதைக்குள் தாலந்து வேறு, திறமை வேறு. திறமை முன்பே ஊழியரிடம் இருக்கிறது, பணம்தான் வெளியிலிருந்து வருகிறது. பின்னால் வந்தவர்கள் உவமையை விரித்துச் சொல்லிச் சொல்லிப் பணத்தின் பெயரைத் திறமைக்குச் சூட்டிவிட்டார்கள்.

கோயிலிலிருந்து இந்தச் சொல் வகுப்பறைக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடோர் சிமோனும் ஒரு நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினார்கள். பாடத்தில் பின்தங்கி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிப்பதே அதன் வேலை. அமெரிக்காவுக்குப் போனதும் அது மறுமுனைக்கும் அளவுகோலாகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1916-ல் அதைத் திருத்தி வெளியிட்டார். 1921 முதல் கலிஃபோர்னியாவில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அந்தச் சோதனையில் எல்லைக் கோட்டைத் தொடாமல் வெளியே நின்ற இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வாரெஸ். 1956-லும் 1968-லும் முறையே இயற்பியல் நோபல் பெற்றார்கள். உள்ளே எடுத்த கூட்டத்தில் நோபல் பெற்றவர் எவரும் இல்லை.

அதே காலத்தில் நியூயார்க்கில் லீட்டா ஹாலிங்வர்த் என்ற உளவியலாளர் இத்தகைய பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு நடத்தி ஆராய்ந்தார். 1926-ல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘கிஃப்டட்’ இருந்தது. அதற்கு முன் ‘பிரைட்’, ‘சுப்பீரியர்’, ‘சூப்பர்நார்மல்’ என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார்கள். நிலைத்தது ‘கிஃப்டட்’தான். கொடுத்த கடவுள் மட்டும் காணாமல் போய், அந்த இடத்தில் மதிப்பெண் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் 1957-ல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்தது. சோவியத்திடம் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் அமெரிக்கா 1958-ல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்து, கணிதத்திலும் அறிவியலிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடத் தொடங்கியது. 1972-ல் கல்வி ஆணையர் சிட்னி மார்லண்டின் அறிக்கை ஒரு வரையறை தந்தது. பொது அறிவுத்திறன், ஒரு பாடத்தில் மட்டும் உள்ள தனி நாட்டம், படைப்பாற்றல், தலைமைப் பண்பு, கலைகள், உடலியக்கத் திறன் என ஆறு களங்கள். ஏதேனும் ஒன்றில் மேம்பட்டிருந்தாலே போதும். இன்றைய கூட்டரசு (நம்மூர் மத்திய அரசு போன்றது) வரையறையும் இதன் வழித்தோன்றல்தான். அதிலே எனக்குப் பிடித்தது அதன் பின்பாதி: அந்தத் திறனை முழுதாக வளர்க்க, பள்ளி வழக்கமாகத் தராத ஏற்பாடு ‘தேவைப்படும்’ மாணவர் என்கிறது. யாருக்கோ கிடைத்த பாக்கியத்தைப் பற்றிய பேச்சு, யாருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

ஆனால் கூட்டரசு வரையறை சொல்லுமே தவிர, மாநிலங்களை இதை நடத்தும்படி கட்டாயப்படுத்தாது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம், மாவட்டத்துக்கு மாவட்டம் விதி மாறும். ஓரிடத்தில் ‘கிஃப்டட்’ ஆன பிள்ளை வீடு மாறி அடுத்த மாநிலத்துக்குப் போனால் மறுபடி தேர்வு எழுத வேண்டியிருக்கலாம், தேறாமலும் போகலாம். ஃபுளோரிடாவில் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சராசரியான 100-க்கு மேல் இரண்டு திட்ட விலக்கம் (ஒன்றுக்கு 15 புள்ளி), அதாவது 130 வேண்டும். நூற்றில் இரண்டு பேர் அளவில்தான் அந்தக் கோட்டைத் தாண்டுவார்கள். அங்குள்ள மிகப் பெரிய மாவட்டங்களில் ஒன்றில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கும் 116 போதும் என்று வைத்திருந்தார்கள். அதே மாவட்டம், ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் சோதனை என்ற பழைய வழக்கத்தை 2005-ல் மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் முதற்கட்டச் சோதனை வைத்தது. உடனே கறுப்பின, லத்தீன் வம்சாவளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாக ஏறியது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், தேடிய விதம்தான் மாறியது.

சோதனைதான் எப்படி இருக்கும்? பல மாவட்டங்களில் ‘காக்-ஏ-டி’ என்ற சிந்தனைத் திறன் தேர்வு வைக்கிறார்கள். அதில் ஒரு பகுதியில் நான்கு கட்டங்கள் இருக்கும். மேல் வரிசையில் பெரிய வெள்ளை வட்டம், பக்கத்தில் சிறிய கறுப்பு வட்டம். கீழ் வரிசையில் பெரிய வெள்ளைச் சதுரம், பக்கத்துக் கட்டம் காலி. அங்கே என்ன வரும்? விடையைக் கீழே உள்ள படங்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இது முதல் படி. போகப் போக வட்டம் சுழலும், கோடுகள் கூடும், நிழல் இடம் மாறும். ஏழெட்டு வயதுப் பிள்ளை இதைச் சில நிமிடங்களில் செய்கிறது. இதற்கும் பயிற்சிப் புத்தகம், டியூஷன் எல்லாம் வந்துவிட்டன என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொடை என்று பெயர் வைத்துவிட்டு அதற்கு டியூஷனும் வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இந்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தமிழுக்கு வருவோம்.

‘கிஃப்டட்’ என்பதன் பழைய, சமயப் பொருளுக்குத் தமிழில் ‘வரம்’ இருக்கிறது. கற்காமலேயே தெய்வ அருளால் பாடுபவரை ‘வரகவி’ என்றார்கள். திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் தாம்பூலத்தை வாயில் வாங்கிக் காளமேகம் கவியானார் என்பது கதை. ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பார்கள். இந்தக் கதைகளுக்கு ‘வரம் பெற்றவர்’ மிகப் பொருத்தம். ஆனால் பள்ளி மாவட்டம் அனுப்பும் மடலில் ‘வரம் பெற்ற மாணவர் திட்டம்’ என்று எழுதினால் யாரோ ஆசிரமம் நடத்துவதுபோல ஆகிவிடும்.

‘மேதை’ ஆகாது. அது ‘ஜீனியஸ்’ என்பதற்குரியது, வடமொழி ‘மேதா’விலிருந்து வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையை மேதை என்பது அந்தப் பிள்ளைக்கே நல்லதில்லை. ‘சூட்டிகை’, ‘கெட்டிக்காரன்’ இரண்டும் வீட்டுப் பேச்சுக்கு அருமையானவை, அரசுப் படிவத்துக்கு ஒட்டாது. ‘சிறப்புக் குழந்தைகள்’ என்றால் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் என்று தமிழில் நிலைத்துவிட்டது. அதை இங்கே இழுத்தால் குழப்பம்தான்.

‘மதிநுட்பம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. “மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு அதிநுட்பம் யாவுள முன்நிற் பவை” என்பது 636-ஆம் குறள். பரிமேலழகர் மதிநுட்பத்தை இயற்கையான நுண்ணறிவு என்றும் நூலைச் செயற்கையான அறிவு என்றும் பிரிக்கிறார். அழகான சொல், கருத்தும் சரியாகவே வருகிறது. ஆனால் அறிவு ஒன்றை மட்டுமே தொடும். மார்லண்ட் சொன்ன கலை, தலைமை, உடலியக்கம் வெளியே நின்றுவிடும்.

ஆசிரியர் பயிற்சிப் பாடங்களிலும் ஆசிரியர் தகுதித் தேர்வு நூல்களிலும் ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது: ‘மீத்திறன்’. ‘மீத்திறன் மிக்க குழந்தைகள்’, ‘மீத்திறன் மாணவர்’ என்று எழுதுவார்கள். எதிர்ப்பக்கத்தில் ‘மெல்லக் கற்போர்’. ‘மீ’ என்றால் மேல், உயர்வு. “மீக்கூறும் மன்னன் நிலம்” என்ற 386-ஆம் குறளில் வருகிறதே, உயர்த்திச் சொல்வது, அதே ‘மீ’தான். இன்றைய அறிவியலில் மீயொலி, மீக்கடத்தி என்று இதை வைத்தே சொற்கள் ஆக்கியிருக்கிறோம். மீ, திறன் இரண்டும் சேரும்போது இடையில் வலி மிகும் என்பதால் ‘மீதிறன்’ என்று எழுதுவது தவறு. தட்டச்சில் ஒற்று தவறினால் ‘மீதித் திறன்’ போலப் படிக்கத் தோன்றும், கவனம் வேண்டும்.

நான் இந்தச் சொல்லுக்கே ஓட்டுப் போடுவேன். இதில் கொடுத்தவரும் இல்லை, பெற்றவரும் இல்லை. திறன் எந்தக் களத்திலும் இருக்கலாம்: கணிதத்தில் மீத்திறன், இசையில் மீத்திறன் என்று பிரித்துச் சொல்லலாம். ‘கணிதத்தில் வரம் பெற்றவன்’ என்பதைவிடப் பள்ளிக்கு இது பொருந்தும். அமெரிக்காவிலேயே பழைய சொல்லிலிருந்து நகர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்ட்டி ‘அட்வான்ஸ்டு அகடெமிக் புரோகிராம்ஸ்’ என்கிறது. வாஷிங்டன் மாநிலச் சட்டம் ‘ஹைலி கேப்பபிள்’ என்கிறது. இந்த இரண்டாவதை நேரே தமிழாக்கினால் மீத்திறன்தான் வரும்.

மடலில் வரும் மற்றச் சொற்களையும் சட்டென்று பார்த்துவிடலாம். வழக்கமான வகுப்பிலிருந்து வாரத்தில் சில மணி நேரம் பிள்ளைகளை அழைத்துப்போய் நடத்துவது ‘புல்-அவுட்’. இதற்குப் ‘பிரிவேளைத் தனிவகுப்பு’ என்றால் போதும். ‘என்ரிச்மென்ட்’ என்பது பாடத்தை அகலப்படுத்துவது, ‘செறிவூட்டல்’. ‘ஆக்சிலரேஷன்’ என்பதை ‘விரைவு முன்னேற்றம்’ எனலாம். ஒரு வகுப்பைத் தாண்டி அடுத்ததற்குப் போவதை நம் பெரியவர்கள் எப்போதோ ‘டபுள் பிரமோஷன்’ என்று சொல்லிவிட்டார்கள். அதை மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

திறமையும் ஒரு குறைபாடும் சேர்ந்தே உள்ள பிள்ளையைக் குறிக்கும் ‘ட்வைஸ் எக்செப்ஷனல்’ கொஞ்சம் யோசிக்க வைப்பது. வாசிப்பதில் திணறும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை கணிதத்தில் நான்கு வகுப்பு முன்னே நிற்கலாம். ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுவதால் இரண்டும் கவனிக்கப்படாமலே போவதுண்டு. ‘இரட்டைச் சிறப்பு’ என்று சொன்னால் இரண்டு பரிசு வாங்கியதுபோல இருக்கிறது. தமிழில் மாற்றுத்திறன் என்ற சொல்லும் வேரூன்றிவிட்டதால் ‘மீத்திறனும் மாற்றுத்திறனும் உள்ள மாணவர்’ என்று எழுதலாம். இரண்டிலும் ‘திறன்’ இருப்பது இங்கே நன்றாகவே வேலை செய்கிறது.

கடைசியாக, தேறாதவர்களுக்கு வரும் கடிதம். அதில் ‘நாட் கிஃப்டட்’ என்று எழுத மாட்டார்கள், ‘நாட் எலிஜிபிள் அட் திஸ் டைம்’ என்பார்கள். மறுபரிசீலனைக்கு மனுப் போடும் தேதியும் கூடவே இருக்கும். அதைத் ‘தகுதியற்றவர்’ என்று பெயர்த்துவிடாதீர்கள். “இந்த ஆண்டு மீத்திறன் வகுப்புக்குத் தேர்வாகவில்லை, மறுபரிசீலனை கேட்கலாம்” என்று எழுதினால் போதும்.