தேன் எப்படித் தென் ஆனது? தடித்த உருண்டை எழுத்துருவைக் கேட்டு வாங்கும் முன்

"இதென்ன தம்பி, தென் நெல்லி? தெற்குப் பக்கம் காய்க்கிற நெல்லியா?"

லேபிள் அச்சாகி வந்த சில நாளில் வாடிக்கையாளரின் அப்பா என்னிடம் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். கையில் சின்ன பாட்டில். நான் வைத்திருந்த பெயர் 'தேன் நெல்லி'. வாங்கிப் பார்த்தேன். 'தே'யின் இரட்டைக்கொம்பில் மேல்சுழிக்குள் மை நிறைந்து ஓட்டையே இல்லை. பக்கத்திலேயே 'நெ'யின் ஒற்றைக்கொம்பு. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. தவறு அச்சகத்தின் மேல் இல்லை, என் மேல்தான். பெரிய திரையில் உள்ளங்கை அளவுக்கு விரித்துப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன்.

பேக்கரி, ஐஸ்கிரீம் கடை, குழந்தைகள் துணிக்கடை, மழலையர் பள்ளி என யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "நல்லா குண்டா, கொழுகொழுன்னு ஒரு எழுத்து வையுங்க." முனைகள் உருண்ட தடித்த எழுத்துக்கு அப்படி ஒரு ஈர்ப்பு. கூர்மை இல்லாததால் மிரட்டாது. தடிமன் இருப்பதால் தூரத்திலேயே கண்ணில் படும். குழந்தைப் பொருட்களுக்கு மட்டுமே உரியது என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்காக 1979இல் உருவானது வேக் ரவுண்டட். கார் விற்க வந்த அந்த எழுத்துதான் பிறகு பல வருடங்கள் ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைகளில் உட்கார்ந்திருந்தது.

தமிழில் இந்த வகைக்கு உடனே நினைவுக்கு வருவது பலூ தம்பி. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய பலூ குடும்பத்தில் மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, வங்காளத்துக்கு தா, நமக்குத் தம்பி. முதலில் ஒரே ஒரு தடிமனில் வந்தது. பலூ 2 என்ற அடுத்த பதிப்பில் ஐந்து தடிமன்கள். காயினி என்று இன்னொன்று, அது இன்னும் கொழுத்தது. இரண்டும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். திறந்த உரிமத்தில் வந்தவை என்பதால் லோகோவிலும் லேபிளிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பென் டிரைவில் கைமாறி வந்த எழுத்துருவை வைத்து ஒரு பிராண்டையே கட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, சிக்கல் எங்கே? எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தில். கோட்டைத் தடிமனாக்கினால் அந்த இடம் சுருங்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளாகவே ஒரு பெயரை எழுதினால் உள்ளே மூடிய இடம் A, B, D, O, P, Q, R என ஏழு எழுத்துகளில்தான் வரும். தமிழில் சுழி இல்லாமல் ஒரு சொல் எழுதிப் பாருங்கள், கஷ்டம். 'ண'வில் சுழி மேல் சுழி. அது 'ணை' ஆனால் முன்னால் கொம்பும் சேர்ந்துகொள்ளும். 'இ', 'ஐ', 'ஞ' எல்லாம் அதே சாதி. அப்புறம் புள்ளி. தடித்த எழுத்தில் புள்ளியும் குண்டாகத்தான் இருக்கும். இடம் பத்தவில்லை என்று வரிகளை நெருக்கினால், கீழ்வரியின் புள்ளி மேல்வரியின் 'து'வில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதோடு மை வேறு பரவும். பிளாஸ்டிக் பவுச், துணிப்பை, அட்டைப்பெட்டியில் அச்சடித்தால் கோடு இன்னும் கொஞ்சம் பருக்கும். அடர்நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தாக வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்; அங்கே மை எழுத்துக்கு உள்நோக்கிப் பரவுவதால் கோடு இளைக்குமே தவிர ஓட்டை அடைபடாது. எல்இடி பலகையில் கதை தலைகீழ். பகலில் தெளிவாகத் தெரிந்த வெள்ளை எழுத்து, இரவில் விளக்குப் போட்டதும் ஒளி கசிந்து சுழிகளை நிரப்பிவிடும். பலகைக்காரரிடம் இரவில் எடுத்த படத்தைக் கேளுங்கள்.

எனக்கு எரிச்சல் தருவது ஒன்று உண்டு. ஏற்கெனவே தடித்த எழுத்தின் மேல் இன்னொரு முறை போல்டு பொத்தானை அழுத்துவது, இல்லாவிட்டால் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் அதே நிறத்தில் அவுட்லைன் கொடுப்பது. எழுத்துருவை வரைந்தவர் ஒவ்வொரு சுழிக்கும் எவ்வளவு இடம் விடலாம் என்று பார்த்துப் பார்த்து இழைத்திருப்பார். ஒரே அழுத்தில் அத்தனையும் போய்விடும்.

பெயரை உருண்டை எழுத்தில் வையுங்கள், இரண்டு மூன்று சொல் வரைக்கும். சேர்பொருள்கள், முகவரி, பயன்படுத்தும் முறை எல்லாவற்றுக்கும் முக்தா மலர், கட்டமரான் மாதிரி சாதாரணத் தடிமன் உள்ள எழுத்து போதும். பத்தி முழுக்கக் குண்டு எழுத்தில் இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள், எழுதியவர் உட்பட.

தேன் நெல்லிக்கு மறுபடி லேபிள் போட்டோம். அதே பலூ தம்பிதான், தடிமனில் இரண்டு படி குறைத்தேன், எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று விட்டேன். இந்த முறை அச்சகத்துக்கு அனுப்பும் முன் நிஜ அளவில் ஒரு பிரதி எடுத்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். நகலை மறுபடி நகலெடுக்கச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்றாவது நகலிலும் இரட்டைக்கொம்பின் இரண்டு சுழியும் திறந்தே இருந்தன. அதைப் பாட்டிலில் ஒட்டி, கண்ணாடி போடாத அந்த வாடிக்கையாளரின் அப்பாவிடம் நீட்டினேன்.

"தேன்" என்றார். "பெயரெல்லாம் சரி, விலைதான் கொஞ்சம் அதிகம்."