ஆல்டர்னேட்டர்: சொல்லும் பொருளும்

டேஷ்போர்டில் பேட்டரிப் படம் சிவப்பாக எரிகிறது என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய் நின்றால், பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "டைனமோ சார்ஜ் ஏத்தல சார்" என்பார். அவர் கை வைத்துக் காட்டும் பொருள் டைனமோ அல்ல, ஆல்டர்னேட்டர்: என்ஜின் பெல்ட்டால் சுழன்று மின்சாரம் உண்டாக்கி, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி. பழைய அம்பாசிடர், ஃபியட் காலத்தில் அந்த இடத்தில் டைனமோ இருந்தது. பொருள் மாறிவிட்டது, பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

டைனமோ என்பது ஆற்றலைக் குறிக்கும் 'தூனமிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1867-இல் வெர்னர் சீமென்ஸ் தன் இயந்திரத்தை அறிவித்தபோது வைத்த 'டைனமோ எலக்ட்ரிக்' என்ற நீண்ட பெயரில் தலை மட்டும் மிஞ்சியது. ஆற்றல் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. ஆல்டர்னேட்டரோ தான் வேலை செய்யும் விதத்தையே பெயராகச் சுமக்கிறது. லத்தீனில் 'அல்டர்' என்றால் இரண்டில் மற்றது. அதிலிருந்து பிறந்த 'அல்டர்னாரே' என்ற வினைக்கு மாறி மாறிச் செய்தல் என்று பொருள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடக்கும் டியூஷனை 'ஆல்டர்நேட் டேஸ்' என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான்.

சரி, காருக்குள் எது மாறி மாறி நடக்கிறது? சுழலும் மின்காந்தத்தின் வட முனையும் தென் முனையும் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளை அடுத்தடுத்துக் கடக்கின்றன. ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தின் திசை புரள்கிறது. டைனமோவுக்குள்ளும் மின்சாரம் இப்படிப் புரண்டுதான் பிறந்தது. கம்யூட்டேட்டர் என்ற துண்டு துண்டான செம்பு வளையமும், அதை உரசி மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் கட்டிகளான பிரஷ்களும் சேர்ந்து அதை ஒரே திசைக்குத் திருப்பின. மொத்த மின்னோட்டமும் பிரஷ் வழியாகப் போனதால் தேய்மானம் அதிகம். வண்டி ஐடிலில் நிற்கும்போது சார்ஜும் சரியாக ஏறாது. ஆல்டர்னேட்டரில் பிரஷ் வழியாகப் போவது காந்தத்துக்கு வேண்டிய சில ஆம்பியர் மட்டுமே. திசை திருப்பும் வேலையை, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகள் பார்த்துக்கொள்கின்றன. மலிவான சிலிக்கான் டையோடு கிடைத்த பிறகுதான் இது கார்களில் பரவியது. கிறைஸ்லர் 1960 மாடல் வேலியன்ட் காரிலேயே இதைப் பொருத்தியது.

சைக்கிள் டயரில் உரசி ஓடும் 'டைனமோ'வையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் கம்யூட்டேட்டரே கிடையாது. உள்ளே ஒரு நிலைக்காந்தம் சுழல, விளக்குக்கு ஏசி மின்சாரம், அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் போகிறது. பொருளை வைத்துப் பார்த்தால் அதுவும் ஆல்டர்னேட்டர்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? நம் பாடநூல்களில் ஏசி என்பது மாறுதிசை மின்னோட்டம், ஜெனரேட்டர் என்பது மின்னியற்றி. இரண்டையும் சேர்த்துச் சுருக்கினால் 'மாறுமின்னியற்றி'. இலங்கைப் பாடநூல்கள் ஏசியை ஆடலோட்டம் என்கின்றன. ஊஞ்சல்போல முன்னும் பின்னும் போய்வருவதைக் காட்டும் அழகான சொல் அது. ஆனாலும் என் தேர்வு மாறுமின்னியற்றிதான். 'மாறி மாறி' என்ற நம் பேச்சு வழக்கு லத்தீன் வேரின் பொருளை அப்படியே தருகிறது. 'மின்மாற்றி' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, அது டிரான்ஸ்ஃபார்மர். கடையில் கேட்கும்போது ஆல்டர்னேட்டர் என்றே கேளுங்கள், எழுதும்போது தமிழ்ச் சொல்லைப் பழக்குங்கள்.

டைனமோ என்ற பெயர் தங்கியதுகூடப் பரவாயில்லை. அந்தக் காலத்துப் பழக்கமும் கூடவே தங்கிவிட்டதுதான் எனக்குக் கவலை. என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் சார்ஜிங் நல்லாயிருக்கு என்று சொல்வது பழைய சோதனை. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் தயவுசெய்து இதை யாரையும் செய்யவிடாதீர்கள். பேட்டரி விலகிய கணத்தில் வோல்டேஜ் தாறுமாறாக எகிறி டையோடையும், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரையும், என்ஜின் கணினியையும் சேதப்படுத்தலாம். ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். சில புதிய கார்களில் கணினியே இதை ஏற்றி இறக்கும், அங்கே கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

அளவு குறைந்தால் உடனே புது ஆல்டர்னேட்டர் வாங்க ஓட வேண்டாம். முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா பாருங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி இறுக்குங்கள். அப்புறம் பிரஷ், ரெகுலேட்டர். இவற்றைப் பல மாடல்களில் தனியாக மாற்றலாம். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்னாலுள்ள தடித்த வயரில் வண்டி அணைந்திருக்கும்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். புதியதில் ஆம்பியர் அளவும், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளங்களும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பேட்டரி முழுக்க இறங்கியிருந்தால் அதை வெளியே சார்ஜ் ஏற்றிய பிறகே இணையுங்கள். செத்த பேட்டரியை நிரப்பும் சுமையைப் புது ஆல்டர்னேட்டரின் தலையில் முதல் நாளே ஏற்றினால் அது சூடேறி, டையோடு போய்விடலாம்.